தெற்குத் தெருவில் ஒரு வினைச்சொல்

ஜூன் 3, திங்கள்

கிருபாபுரம் தெற்குத் தெருவின் ஏகச் சக்கரவர்த்தியும், முப்பது வருடம் கிரேக்க மொழியைக் குருத்துவ மாணவர்களின் தொண்டையில் கசாயமாக இறக்கியவனும், ஊரிலுள்ள மருமக்கள் அத்தனை பேருக்கும் 'கிரேக்க மாமா'வுமாகிய அருமைநாயகம் இன்று முதல் நாட்குறிப்பு எழுதுகிறான். பேச்சுத் துணைக்கு ஆளில்லாமல் எழுதுகிறான் என்று பிற்காலத்தில் யாராவது சொன்னால் நம்பவேண்டாம். சரித்திரம் வற்புறுத்திக் கேட்டுக்கொண்டதால் எழுதுகிறான்.

காலையில் செல்லத்துரை ஐயர் போன் செய்தார். எங்களூர் வழக்கில் ஐயர் என்றால் போதகர். இவர் என்னிடம் படித்தவர், இப்போது கிரேக்க–தமிழ் வேத அகராதிக் குழுவுக்குச் செயலாளர்.

"சார், எல்லாரும் அவங்கவங்க பங்கை அனுப்பிட்டாங்க. உங்க வினைச்சொல் ஒண்ணுதான் வரல."

"எனக்கு எத்தனை சொல் ஒதுக்குனீரு?"

"ஒண்ணே ஒண்ணுதான் சார்."

"ஒரு யானையக் கொண்டாந்து வாசல்ல கட்டிட்டு, ஒண்ணே ஒண்ணுதான்னு சொல்லுதீரே."

அந்த யானையின் பெயர் கொப்பியாவோ. புதிய ஏற்பாட்டில் இருபது சொச்சம் இடங்களில் வருகிற வினை. குழுவுக்கு வேண்டியது அதற்கு நேரான ஒரு தமிழ்ச் சொல்லும், கீழே நாலு வரி விளக்கமும். ஒரு மத்தியான வேலை. ஏப்ரலில் கொடுத்தார்கள்.

தாமதத்துக்குக் காரணம் என் ஆராய்ச்சியின் ஆழம். வேறொன்றும் இல்லை.

பதினோரு மணிக்குப் புஷ்பம் காபித் தம்ளருக்குள் விரல்களை விட்டுக் கழுவினாள். புஷ்பம் என்றால் என் மனைவி ஞானபுஷ்பம். இந்தச் சபையின் பெண்கள் சங்கத்தைக் கலியாணமான வருடத்திலிருந்து கட்டி மேய்த்தவள். ஒன்றரை வருடமாக அவளுடைய ஞாபகம், ஓட்டுக்கூரையில் மழை ஒழுகுவதுபோல, எந்த இடத்தில் என்று சொல்லமுடியாமல் ஒழுகிப் போய்க்கொண்டிருக்கிறது. கையைக் கழுவிவிட்டு என்னைப் பார்த்து, "கம்பவுண்டர், மருந்து கட்டியாச்சா?" என்றாள்.

கம்பவுண்டர் என்பது பதவி உயர்வு. போன வாரம் நான் பால்காரன்.

ஜூன் 5, புதன்

இன்று நான் துவைத்த துணிகளை ஒரே கொடியில் வரிசையாகக் கட்டினால் மறுமுனை கொழும்பில் இருக்கும். மேல்காற்று வேறு. போர்வை ஒன்று பறந்துபோய் அடுத்த வீட்டு முருங்கையில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்றது. ஏணி வைத்து ஏறினேன். ஏறினவன் கொஞ்ச நேரம் அங்கேயே மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காட்சி நன்றாக இருந்தது.

பிரிசில்லா கோயம்புத்தூரிலிருந்து பேசினாள். எங்கள் ஒரே மகள்.

"அப்பா, முடியுதா?"

"முடியுதாவா? உங்கப்பன் ஊஞ்சல்ல படுத்து விசிறிக்கிட்டுக் கெடக்கான்."

"நம்ம வீட்ல ஊஞ்சலே கெடயாது."

"உவமைம்மா."

"திரும்பச் சொல்லுதேன்ப்பா. களைச்சிட்டேன், முடியலன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். அன்னைக்கே கார் எடுத்துட்டு வந்து அம்மாவைக் கூட்டிட்டுப் போயிருவேன். இங்க நல்ல இல்லம் இருக்கு, நர்ஸ் இருக்காங்க. அம்மாவுக்கு ஆயிட்டு. உங்களுக்கும் ஏதாவது ஆச்சுன்னா நான் யாரைப்பா பாக்க?"

அவள் சொல்வது நியாயம். நியாயமாகப் பேசும் பெண்ணைப் பெற்றது என் தலைவிதி. இல்லம் என்றால் வெள்ளைச் சுவர், வெள்ளைக் கட்டில், மணி அடித்தால் சாப்பாடு. அங்கே புஷ்பம் யாரையும் கம்பவுண்டர் என்று கூப்பிட முடியாது, அங்கே நிஜக் கம்பவுண்டர் இருப்பான்.

ஆகவே இந்த வீட்டு அகராதியிலிருந்து ஒரு சொல் இன்று முதல் நீக்கப்படுகிறது. எந்தச் சொல் என்று எழுதினால் நீக்கினதாகாது.

ஜூன் 9, ஞாயிறு

கோயிலுக்குப் போனோம். கடைசி பெஞ்சு, கதவோரம். ஆராதனை முடிவில் ஆசீர்வாதம் கூறும் முன்பே எழுந்து வந்துவிடுவது எங்கள் புதிய வழக்கம். ஆசீர்வாதத்துக்குத் துரத்திப் பிடிக்கும் சக்தி உண்டு என்று நம்புகிறேன்.

ஆனால் எஸ்கலினுக்கு அதைவிடச் சக்தி. வாசலில் பிடித்துவிட்டாள். புஷ்பத்துக்கு அடுத்துச் சங்கத்தை நடத்துகிறவள். நாலு வீடு தள்ளிக் குடியிருக்கிறாள்.

"அண்ணாச்சி, அக்காவைப் பாக்க வரணும் வரணும்னு சொல்லிக்கிட்டே இருக்கோம். வெள்ளிக்கிழமை வரட்டா?"

"டாக்டர் ஓய்வுன்னுட்டாரு. மூட்டு. ஆளைப் பாத்தா வீங்கிருதாம்."

"ஆளைப் பாத்தா மூட்டு வீங்குமா?"

"புது வியாதி. கிரேக்கத்திலேர்ந்து வந்திருக்கு."

எஸ்கலின் சிரிக்கவில்லை. என் இடுப்பைப் பார்த்தாள். "பெல்ட்டுல ஆணி வச்சு ஓட்டை போட்டிருக்கியளே, அண்ணாச்சி."

"ஃபேஷன்," என்றேன்.

வெள்ளிக்கிழமைச் சந்திப்பு என்றால் என்ன என்று எனக்குத் தெரியாதா. அதை ஏற்படுத்தினதே புஷ்பம்தான். சுகமில்லாத வீட்டுக்கு ஐந்தாறு பெண்கள் போவார்கள். அவள் வைத்த சட்டம்: பாத்திரம் முதலில், பாட்டு அப்புறம். போனதும் எப்படி இருக்கீங்க என்று கேட்கக்கூடாது. நேரே அடுப்படிக்குப் போய்க் கிடக்கிற பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் உட்காரவேண்டும். கடைசியில் ஒரே கேள்வி: ஜெபிக்கவேண்டிய காரியம் என்ன? மாதத்தின் முதல் ஞாயிறன்று, பார்த்துவந்த வீடுகளைச் சபையில் எழுந்து சொல்லவேண்டும். அதிலும் ஒரு சட்டம் உண்டு. பேர் கூடாது. தெருவும் தேவையும் மட்டும்.

எத்தனையோ வீட்டுப் பாத்திரம் கழுவின கையை, இன்று தன் முந்தானை நூலைப் பிரித்தபடி உட்கார்ந்திருக்கும் கையை, அந்தப் பெண்கள் வந்து பரிதாபமாகப் பார்ப்பதா? அதில் ஒருத்தி கண்ணைத் துடைப்பதா? அன்று சாயங்காலமே யாராவது பிரிசில்லாவுக்குப் போன் செய்வதா?

மூட்டு வலியே மேல்.

ஜூன் 10, திங்கள்

பெல்ட்டில் இன்னொரு ஓட்டை போட்டேன். ஃபேஷன் முன்னேறுகிறது.

ஜூன் 14, வெள்ளி

வினைச்சொல்லோடு மல்லுக்கட்டினேன். வென்றது யார் என்று இப்போது சொல்ல இயலாது.

கொப்பியாவோவின் பூர்வீகம் இது. கொப்தோ என்றால் அடி, வெட்டு. அதிலிருந்து கொப்போஸ்: முதலில் அடி; பிறகு அடிபட்டவனுக்கு உடம்பில் மிஞ்சுமே ஒரு அசதி, அது; பிறகு அந்த அசதியைக் கொண்டுவரும் உழைப்பு. அதிலிருந்து நம் வினை. ஆக, கிரேக்கன் வேலைசெய்துவிட்டு வந்து உட்கார்ந்தால், 'அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு' என்றுதான் சொல்லியிருக்கிறான். எங்கள் தெருவில் சாயங்காலம் ஆறு மணிக்கு எல்லார் வீட்டு வாசலிலும் இதைக் கேட்கலாம்.

செல்லத்துரை ஐயரிடம் சொன்னேன். "நல்லாருக்கு சார். ஆனா அகராதியில போடமுடியாது. குழு சிரிக்கும்," என்றார்.

குழு சிரித்து நான் பார்த்ததில்லை. பார்க்க ஆசையாக இருக்கிறது.

எழுதிக்கொண்டிருக்கும்போதே வாசல் கேட்டின் சங்கிலி குலுங்கும் சத்தம். புஷ்பம் சங்கத்து வெள்ளைச் சேலை உடுத்தி, தோளில் வேதப் பையை மாட்டிக்கொண்டு, பூட்டை இழுத்துக்கொண்டு நின்றாள். ஒரு காலில் என் செருப்பு.

"எங்கம்மா கிளம்பிட்டே?"

"வெள்ளிக்கிழமைல்லா. வீடுங்களுக்குப் போவணும். யாரு பூட்டுனது?"

"காத்து பூட்டிட்டு," என்றேன்.

அவள் நம்பினாள். நான் சொல்லும் பொய்களை எல்லாம் இப்போது நம்புகிறாள். முன்பு ஒன்றைக்கூட நம்பியதில்லை; அது எவ்வளவு பெரிய மரியாதை என்று இன்றுதான் தெரிந்தது.

ஜூன் 18, செவ்வாய்

குளியலறைத் தரையை மிக நெருக்கத்தில் ஆராயும் வாய்ப்புக் கிடைத்தது. சிமென்ட் பூச்சில் தண்ணீர் வாட்டம் சரியில்லை, கொத்தனார் ஏமாற்றிவிட்டான். இதைத் தெரிந்துகொள்ள யாரும் கன்னத்தைத் தரையில் வைத்துப் பார்ப்பதில்லை. நான் பார்த்தேன். சற்று அதிக நேரமே பார்த்தேன். பிறகு வாளியைப் பிடித்து எழுந்தேன்.

நெற்றியில் ஒரு வீக்கம். நெற்றிக்கண் திறக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன்.

புஷ்பம் பார்த்துவிட்டு, "யாரு ஐயா உம்மை அடிச்சா?" என்றாள்.

ஜூன் 22, சனி

மொழிபெயர்ப்பாளர்கள் செய்திருக்கும் அட்டூழியத்தைப் பதிவுசெய்கிறேன். ஒரே வினையை நம் தமிழ் வேதத்தில் நாலு விதமாகப் பெயர்த்திருக்கிறார்கள். பாரம் சுமப்பவர்களை ஆண்டவர் கூப்பிடும் இடத்தில் 'வருத்தப்பட்டு'. சமாரியாக் கிணற்றங்கரையில் அவரே நடந்து வந்து உட்காரும் இடத்தில் 'இளைப்படைந்து'. வலை வீசி ஒரு மீனும் படாத பேதுருவுக்கு 'பிரயாசப்பட்டு'. காட்டுப் புஷ்பங்கள் செய்யாத காரியமாகச் சொல்லும்போது 'உழைக்கிறது'. வேலை தனி, அசதி தனி என்று நாம் பிரித்து வைத்திருக்கிறோம். கிரேக்கனுக்கு இரண்டும் ஒரே சட்டைக்கு உள்பக்கமும் வெளிப்பக்கமும்.

காட்டுப் புஷ்பம் உழைக்காதாம். என் வீட்டுப் புஷ்பத்தை அந்த வசனத்தில் சேர்க்க இயலாது.

ரோமருக்கு எழுதின கடைசி அதிகாரத்தில் பவுல் ஒரு கூட்டம் பேருக்கு வாழ்த்துச் சொல்கிறார். அதில் இந்த வினையை நாலு பேருக்குத்தான் கொடுக்கிறார், நாலும் பெண்கள். இரண்டு பேருடைய பெயரில் சுகவாசி என்ற பொருள் ஒளிந்திருக்கிறது. சொகுசுக்காரிகள் இருவரும் ஆண்டவருக்குள் அடித்துப் போட்டதுபோல் ஆனார்கள் என்று அவர் எழுதும்போது உள்ளுக்குள் சிரித்திருப்பார் என்பது என் துணிபு. பிரிசில்லாவும் அதே அதிகாரத்தில் வருகிறாள். ஆனால் அவளுக்கு இந்த வினை கொடுக்கப்படவில்லை. கோயம்புத்தூருக்குப் போன் செய்து இதைச் சொல்லலாம் என்று நினைத்து விட்டுவிட்டேன்.

ஆக, எனக்கு வேண்டிய தமிழ்ச் சொல் 'உழை' என்று தீர்மானிக்கிறேன். நல்ல ஆரோக்கியமான சொல். மார்பை நிமிர்த்தும் சொல். அந்த இன்னொரு பக்கம் அகராதிக்குத் தேவையில்லை.

நாலு மணிக்கு எஸ்கலின் முந்திரிக்கொத்துப் பலகாரத்தோடு வந்தாள். கேட்டுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். பெரிய ராஜதந்திரப் பேச்சுவார்த்தை.

"உள்ள வரச் சொல்ல மாட்டியளா?"

"வீட்டுக்கு வெள்ளையடிக்கோம்."

"வெள்ளையடிக்கிற வாடையே இல்லியே. பால் தீஞ்ச வாடைல்லா வருது."

"அது ஒரு புது பெயின்ட்டு."

"அண்ணாச்சி," என்றாள். கம்பிக்கு நடுவே டப்பாவை நீட்டினாள். நெற்றியைப் பார்த்தாள். போய்விட்டாள்.

எவ்வளவோ பேசுகிற பெண். ஒன்றும் பேசாமல் போனது எனக்குப் பிடிக்கவில்லை.

ஜூன் 27, வியாழன்

பால் தீய்ந்தது.

ஜூன் 28, வெள்ளி

பால் தீய்ந்தது. அவள் கேட்டைக் குலுக்கினாள். காற்று பூட்டிவிட்டது என்றேன்.

ஜூன் 30, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. வேட்டி கட்டி, சட்டை மாட்டி, பொத்தான் போடுவதற்காகக் கட்டிலில் உட்கார்ந்தேன். மறுபடி கோயில் மணி அடித்தபோது அது ஆராதனை முடிந்த மணி. ஒரு பொத்தான் போட்டிருந்தேன். அதுவும் தப்பான துளையில்.

செல்லத்துரை ஐயருக்கு 'உழை' என்று அனுப்பினேன். "விளக்கம் சார்?" என்று பதில் வந்தது.

ஜூலை 5, வெள்ளி

இன்று நடந்ததை மிகைப்படுத்தாமல் எழுதப் பார்க்கிறேன். பழக்கமில்லை.

மத்தியானம் மூன்று மணி இருக்கும். அடுப்படியில் இரண்டு நாள் பாத்திரம் கிடந்தது. நான் முன்னறையில் நாற்காலியில் இருந்தேன். புஷ்பம் படுத்திருக்கிறாள் என்று நினைத்தேன். வாசல் கதவைத் தட்டும் சத்தம். வாசல் கேட் பூட்டியிருக்கிறது, யார் வந்து தட்டமுடியும் என்று திறந்தால், அவள்தான். வெள்ளைச் சேலை, தோளில் பை. புறவாசல் வழியாக இறங்கி, கிணற்றடியைச் சுற்றி, முன்பக்கம் வந்திருக்கிறாள்.

"ஸ்தோத்திரம், ஐயா. சங்கத்திலேர்ந்து வந்திருக்கோம்."

அவளுக்குப் பின்னால் பார்த்தேன். யாரும் இல்லை. காற்று மட்டும் இருந்தது.

"வாங்க," என்றேன். வேறென்ன சொல்வது.

எப்படி இருக்கீங்க என்று கேட்கவில்லை. நேரே அடுப்படிக்குப் போனாள். போன வாரமெல்லாம் அடுப்படி எங்கே என்று என்னிடம் கேட்டவள், இன்று கேட்கவில்லை. தண்ணீர் திறக்கும் சத்தம். தேங்காய் நாரால் தேய்க்கும் சத்தம். தீய்ந்த பால் சட்டிக்கு மட்டும் அதிக நேரம் எடுத்துக்கொண்டாள். நான் எழுந்து போய் உதவியிருக்கலாம். எழவில்லை. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

எல்லாவற்றையும் கவிழ்த்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்து எனக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"வீட்ல அம்மா இல்லியா?"

"இருக்கா. சொகமில்ல."

"படுத்திருக்காவளா?"

"இல்ல. வெளிய போயிருக்கா."

"சொகமில்லாதவுகளைத் தனியா விடலாமா, ஐயா?"

"சொன்னா கேக்க மாட்டா. வெள்ளிக்கிழமையானா கிளம்பிருவா."

"சில பேரு அப்படித்தான்," என்று சிரித்தாள். பழைய சிரிப்பு. இடதுபக்கப் பல்லுக்கு இடம் கொடுத்து உதடு ஒதுங்கும் சிரிப்பு. பிறகு கையை மடியில் கோத்துக்கொண்டு கேட்டாள்: "ஜெபிக்கவேண்டிய காரியம் என்னதுய்யா?"

என்னிடம் பதில்கள் ஆயத்தமாக இருந்தன. கிரேக்க மூட்டு வியாதி. வெள்ளையடிப்பு. உலக சமாதானம். வாயைத் திறந்தேன்.

"அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கும்மா," என்றேன். "முடியல. ரொம்பக் களைச்சிட்டேன்."

என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். இந்த வீட்டில் யாரிடமும் சொல்லாததை ஒரு அந்நியப் பெண்ணிடம் சொல்லிவிட்டேன்.

அவள் ஐயோ என்று சொல்லவில்லை. ஆறுதல் சொல்லவில்லை. தலையை ஆட்டினாள், காய்கறிக்காரன் விலை சொன்னால் ஆட்டுவதுபோல. முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு கண்ணை மூடினாள்.

"ஆண்டவரே, இந்த ஐயா களைச்சுப் போயிருக்காவ. இவுகளுக்கு ஒத்தாசைக்கு ஆள் அனுப்பும். பால் தீயாம பாத்துக்கிடும். வீட்டம்மாவைச் சொகமா வீட்டுக்குத் திருப்பிக் கொண்டாரும். ஆமென்."

ஆமென் என்றேன். எழுந்து, பையை மாட்டிக்கொண்டு, வாசல் வழியாக வெளியே போனாள். கொஞ்ச நேரத்தில் புறவாசல் கதவு திறந்தது. உள்ளே வந்து என்னைப் பார்த்தாள்.

"கம்பவுண்டர், யாரும் தேடி வந்தாங்களா?"

"சங்கத்துக்காரங்க வந்துட்டுப் போனாங்க."

"நல்லது," என்றாள். "நல்லாச் செய்வாங்க."

ஜூலை 7, ஞாயிறு

முதல் ஞாயிறு. கடைசி பெஞ்சு. நான் அவள் கையைப் பிடித்திருந்தேன். சத்தியமாகப் பிடித்திருந்தேன்.

அறிவிப்புகள் முடிந்து, எங்கள் சபை ஐயர் பெண்கள் சங்கத்தாரைக் கூப்பிட்டார். எஸ்கலின் எழுந்து வாசித்தாள். மேலத் தெரு, பிரசவமான வீடு. கீழத் தெரு, வேலை இல்லாத பையன். உட்கார்ந்தாள். ஐயர் அடுத்ததற்குப் போகப் புத்தகத்தைத் திருப்பினார்.

என் கையிலிருந்து கை போய்விட்டது.

புஷ்பம் நின்றுகொண்டிருந்தாள். ஒரு வருடத்துக்கு மேலாக அவள் குரலைக் கோயிலில் யாரும் கேட்டதில்லை. குரல் அப்படியே இருந்தது, கடைசி பெஞ்சிலிருந்து பீடம் வரை மைக் தேவைப்படாத குரல்.

"தெற்குத் தெரு," என்றாள். "வயசான ஒரு ஐயா. வீட்டம்மாவுக்குச் சொகமில்ல. அந்த ஐயா தனியாப் பாக்காவ. யாருகிட்டயும் சொல்ல மாட்டாவ போல. ரெண்டு நாள் பாத்திரம் கெடந்துது. களைச்சுப் போயிருக்காவ. சபையார் நெனச்சுக்கிடணும்."

சட்டப்படி பேர் சொல்லவில்லை. தெருவும் தேவையும் மட்டும்.

உட்கார்ந்தாள். முந்தானை நூலைப் பிரிக்க ஆரம்பித்தாள்.

கிருபாபுரம் சபையில் நான் பார்த்த மிக நீளமான அமைதி அது. கோயில் கட்டின நாளிலிருந்து அங்கே குடியிருக்கும் வௌவால்கள்கூட அசையவில்லை என்று எழுதலாம். ஆனால் நான் மேலே பார்க்கவில்லை. நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதுதான் என்னைக் கவிழ்த்தது. இவ்வளவு பெரிய கூட்டத்தில் ஒரு தலைகூடத் திரும்பவில்லை.

ஐயர் புத்தகத்தை மூடிவிட்டு, "தெற்குத் தெருவில் களைத்துப்போயிருக்கிற சகோதரனுக்காகவும்," என்று ஜெபித்தார்.

இன்று ஆசீர்வாதம் வரை இருந்தோம்.

ஜூலை 8, திங்கள்

பிரிசில்லா போன் செய்தாள். எஸ்கலின் பேசியிருக்கிறாள்.

"அப்பா, சொல்லிட்டீங்களாமே."

"நான் எங்க சொன்னேன். உங்கம்மா சொன்னா, ஊரைக் கூட்டி."

"நெசமாப்பா? களைச்சிட்டீங்களா?"

ஊஞ்சலைத் தேடினேன். கிடைக்கவில்லை.

"ஆமாம்மா," என்றேன். "களைச்சிட்டேன். ஆனா அவளை அனுப்ப மாட்டேன். ரெண்டும்தான். ரெண்டையும் சேத்துச் சொல்ல எனக்கு ஒரு தமிழ் வார்த்தை கிடைக்கல."

அவள் அழுதாள். பிறகு, வெள்ளிக்கிழமை வருகிறேன் என்றாள். கூட்டிக்கொண்டு போகவா என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

ஜூலை 11, வியாழன்

புஷ்பத்தின் சேலைகளைத் துவைத்து மடித்து வைத்தேன். ஒருவேளை வேண்டியிருந்தால். வெள்ளைச் சேலையை மட்டும் என் வேட்டிக்கு அடியில் வைத்தேன்.

ஜூலை 12, வெள்ளி

காலையில் பிரிசில்லா வந்தாள். கையில் தன் பை ஒன்று. காருக்குள் காலியாக ஒரு பெரிய பெட்டி. அதை நான் பார்த்ததை அவள் பார்த்தாள். இருவரும் பெட்டியைப் பற்றிப் பேசவில்லை. புஷ்பம் மகளைப் பார்த்து, "யாரு வீட்டுப் பிள்ளை? நல்லா வளத்திருக்காங்க," என்றாள். பிரிசில்லா முகத்தைத் திருப்பிக்கொண்டு இட்லித் தட்டைத் துடைத்தாள், ஏற்கெனவே துடைத்த தட்டு.

மூன்று மணிக்குக் கேட்டில் சத்தம். எஸ்கலினும் இன்னும் ஐந்து பேரும். கேட் பூட்டியிருக்கவில்லை. காற்றுக்கு இன்று ஓய்வு.

"ஸ்தோத்திரம், அண்ணாச்சி."

அவ்வளவுதான். எப்படி இருக்கீங்க என்று ஒருத்தியும் கேட்கவில்லை. ஒருத்தியும் கண்ணைத் துடைக்கவில்லை. வரிசையாக என்னைத் தாண்டி அடுப்படிக்குப் போனார்கள். பாத்திரம் உருளும் சத்தம் கேட்டுப் புஷ்பம் அறையிலிருந்து வந்து, எஸ்கலினை உற்றுப் பார்த்து, "ஏட்டி, அடிப்பிடிச்ச சட்டிய ஊறப் போடாமத் தேய்ச்சா எப்படிப் போகும்?" என்றாள்.

"சரிக்கா," என்றாள் எஸ்கலின். தண்ணீரைப் பெரிதாகத் திறந்துவிட்டாள்.

பிறகு நான் பார்த்தது: என் மகள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கழுவுகிறாள், அவள் அம்மா பக்கத்தில் நின்று தப்புச் சொல்கிறாள், ஆறு பெண்கள் சரிக்கா சரிக்கா என்கிறார்கள். புஷ்பத்துக்கு ஒருத்தியின் பெயரும் தெரியவில்லை. யார் எந்த வேலை செய்யவேண்டும் என்பது மட்டும் தெரிந்தது.

பிரிசில்லா ஈரக்கையோடு என்னிடம் வந்தாள்.

"இந்த மாசம் முழுக்க இருக்கேன்ப்பா. லீவு சொல்லிட்டேன். வெள்ளிக்கு வெள்ளி இவங்க வருவாங்களாம், நடுவுல ஒரு நாள் எஸ்கலின் அத்தையும் வருவாங்களாம். அடுத்த மாசம் என்னன்னு அடுத்த மாசம் பாப்போம்." பிறகு, "அந்தப் பெட்டியப் பரண்ல போட எடம் இருக்கா?" என்றாள்.

"இந்த வீட்டுப் பரண்ல நோவாவோட பேழையே நிக்கும்," என்றேன்.

"உவமையா?"

"இல்லம்மா. நெசமாவே எடம் இருக்கு."

செல்லத்துரை ஐயருக்கு இன்று பதில் அனுப்பினேன். 'உழை'யை அடித்துவிட்டு, 'களைக்க உழை, உழைத்துக் களை' என்று எழுதி, விளக்கத்தில், "அடித்துப் போட்டதுபோல் ஆகும்வரை ஒருவருக்காகப் பாடுபடுதல். இந்த வினைக்கு வேலையையும் அசதியையும் பிரித்துக் கேட்கும் வாசகருக்கு அகராதியால் உதவ இயலாது," என்று போட்டேன். குழு சிரிக்கட்டும். ரோமர் கடைசி அதிகாரத்தில் பிரிசில்லாவுக்கும் இந்த வினையைக் கொடுக்கலாம் என்று பவுலுக்கு ஒரு பரிந்துரையும் எழுதி, பிறகு அதைக் கிழித்துவிட்டேன். பவுல் பிடிவாதக்காரர்.

அதை முடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினேன். பெண்கள் பாட்டுப் பாட முன்னறைக்கு வரும் சத்தம். எழுந்து முகமன் சொல்லாமல் தப்பிக்க, தூங்குவதுபோல் கிடந்தேன். இந்த நடிப்பில் எனக்கு நிகர் இந்த ஜில்லாவில் கிடையாது.

"அண்ணாச்சிய எழுப்பட்டா?" யாரோ கேட்டார்கள்.

"சத்தம் போடாதீங்க," என்றாள் புஷ்பம், சின்னக் குரலில். "போன வாரமே பாத்தேன் இவுகளை. தூங்கட்டும். பாட்டு மெதுவாப் பாடுங்க."

மெதுவாகப் பாடினார்கள். முதல் அடி எனக்கு ஞாபகமிருக்கிறது. இரண்டாவது அடி பாடினார்களா என்று தெரியவில்லை.